பழைய மனநோய்ச் சீட்டும் ஆட்டிசமும்: பெரியவர்களுக்காக ஒரு விளக்கம்



சங்கரன்கோவில்காரர்களான நமக்கு ஒரு காட்சி புதிதல்ல. மனம் பாதிக்கப்பட்டவர்களைக் கோமதி அம்மன் சன்னதி முன் உள்ள சக்கரக் குழியில் உட்கார வைப்பார்கள். நம் சமுதாயத்தில் பலர் ஏர்வாடிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் போனது. 28 உயிர்கள் பறிபோயின.

இன்று நம்மில் பலர் மருத்துவரிடம் போகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பத்து, இருபது வருடங்களுக்கு முன் சீட்டில் எழுதப்பட்ட நோயின் பெயர் சரிதானா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல வருடம் மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு அடிப்படைச் சிரமம் அப்படியே இருக்கிறது. இவர்களில் சிலருக்குக் கண்டுபிடிக்கப்படாத ஆட்டிசம் இருக்கலாம்.

ஏன் தவறிப் போகிறது?

ஆட்டிசம் என்ற சொல்லே மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறியைக் குறிக்கத்தான் 1911 வாக்கில் வந்தது. 1943-ல் மருத்துவர் லியோ கானர் அதைத் தனி நிலையாக விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது தனி இடம் பெற்றது 1980-ல்தான். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களின் சிறுவயதில், நம் ஊர்ப் பக்கம் அந்தப் பெயரைக் கேட்டவர்களே அரிது.

ஆட்டிசம் இடையில் வந்து சேரும் நோயல்ல. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. நன்றாகப் பேசி, படித்து, வேலைக்குப் போகிறவர்களுக்கும் இருக்கும். பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடந்து சமாளித்துவிடுவதால் கூடுதலாகத் தவறிப் போகிறார்கள்.

வேறுபாடு எங்கே?

* மனச்சிதைவு: பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். ஆட்டிசத்தின் அடையாளங்கள் சிறுவயதிலிருந்தே இருக்கும். "குரல் கேட்கிறதா?" என்ற கேள்வியை நேர்பொருளில் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் பேசுகிறவர்களின் குரலை நினைத்து "கேட்கிறது" என்று சொல்லிவிடுபவர்களும் உண்டு.
* இருதுருவ நோய்: அதில் எழுச்சி நிலை பல நாட்கள் நீடிக்கும். ஆட்டிசத்தில் சத்தமோ கூட்டமோ தாங்காமல் வரும் கொந்தளிப்பு, காரணம் விலகினால் பெரும்பாலும் அடங்கும்.
* எண்ணச் சுழற்சி நோய்: அதில் திரும்பத் திரும்பச் செய்வது வேதனை தரும். ஆட்டிசத்தில் அதே பழக்கம் பெரும்பாலும் அமைதி தரும்.

இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் வருகின்றன. ஆகவே பழைய முடிவு முழுக்கத் தவறு என்று நாமாக எண்ணிவிடக் கூடாது.

என்ன செய்யலாம்?

முதலில், மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்தில் முடியலாம்.

அடுத்து, உம்மா, வாப்பா, பாட்டிமாரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவோம். எந்த வயதில் பேச்சு வந்தது? தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடியதா? கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குக் காதைப் பொத்தியதா? ஒரே சாப்பாடு, ஒரே சட்டை என்று பிடிவாதம் பிடித்ததா? மருத்துவருக்கு இந்தக் குறிப்பு பெரிய உதவி.

பழைய மருத்துவக் குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பிறகு திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு போன்ற இடத்தில், "ஆட்டிசம் இருக்கிறதா என்றும் பாருங்கள்" என்று வெளிப்படையாகக் கேட்போம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 14416 என்ற அரசின் இலவச டெலி-மானஸ் எண்ணில் பேசலாம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தமிழக அரசுத் தாள்களில் அது "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று இருக்கும். பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் பல சலுகைகளைப் பெறலாம்.

வீட்டில் நம் பொறுப்பு

ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து இல்லை. ஆனால் பெயர் தெரிந்தால் வீடு மாறும். விருந்துக்கு வராததைத் திமிர் என்றோ, முகம் பார்த்துப் பேசாததை மரியாதைக் குறைவு என்றோ, கொந்தளிப்பை ஜின் சேட்டை என்றோ சொல்லமாட்டோம். அமைதியான ஓர் அறை, முன்கூட்டியே சொல்லப்பட்ட திட்டம், நேரடியான பேச்சு ஆகியவை செலவில்லாத உதவிகள்.

"எனக்கு எழுதிய நோய் இது இல்லையோ?" என்று நம் வீட்டில் ஒருவர் கேட்டால், அதட்டி உட்கார வைக்காமல், கூடவே மருத்துவரிடம் போவோம், இன்ஷா அல்லாஹ்.