வில்லாளியின் தோள்பட்டை

1545, ஜூலை 19. கரையில் நின்று மன்னர் எட்டாம் ஹென்றி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய போர்க்கப்பல் 'மேரி ரோஸ்' இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் அருகே சாய்ந்து மூழ்கியது. தப்பித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1982-ல் கப்பலில் மிஞ்சியதைத் தூக்கினார்கள். சேற்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விற்களும் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. தோள்பட்டை எலும்பின் நுனி இருபது, இருபத்தைந்து வயதுக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். இவர்களில் பல பேருக்கு ஒட்டவேயில்லை! சின்ன வயசிலிருந்தே கனமான வில்லை இழுத்து இழுத்து, தசைகள் அதை ஒட்டவிடவில்லை என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

சுமக்கிற பாரத்துக்குத் தக்கபடி எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று 1892-லேயே எழுதிவிட்டார் ஜெர்மன் டாக்டர் யூலியஸ் வொல்ஃப். சரி, தசை என்பது எலும்பை இழுக்கும் கயிறு மட்டும்தானா? இல்லை, தபாலும் போடுகிறது! உடற்பயிற்சியின்போது தசை ரத்தத்தில் அனுப்பும் ஒரு ஹார்மோனை 2012-ல் ஹார்வர்டின் ப்ரூஸ் ஸ்பீகல்மன் குழு அறிவித்தது. கிரேக்கர்களின் தூது தேவதை ஐரிஸ் நினைவாக அதற்குப் பெயர் 'ஐரிசின்'. 2015-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் எலிகளுக்கு அதைக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு கெட்டியானது.

தசைக்கு வேலையே இல்லாவிட்டால்? எடையற்று மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பு மாதம் சுமார் ஒரு சதவிகிதம் கரைந்தது.

விழுந்துவிடுவாரே என்று பாட்டியை நாற்காலியிலேயே உட்கார வைக்கிறோம். பாசம்தான்... ஆனால், அசையாத எலும்புதான் சீக்கிரம் உடையும். கையைப் பிடித்து நாலு எட்டு நடக்க விடுங்கள்!