ஆவிக்குரிய போராட்டம் (கிறித்தவம்)

ஆவிக்குரிய போராட்டம் என்பது தீய ஆற்றல்களுக்கு எதிராகக் கிறித்தவர்கள் மேற்கொள்ளும் போராட்டத்தைக் குறிக்கும் கிறித்தவ இறையியல் கருத்துரு ஆகும். ஆவிக்குரிய யுத்தம், ஆன்மிகப் போர் என்றும் இது அழைக்கப்படுகிறது. இப்போர் மனிதருக்கு எதிரானதன்று என்பதைச் சபைகள் பொதுவாக ஏற்கின்றன. எதிரி யார், அவனை எவ்வாறு எதிர்கொள்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு உள்ளது. தமிழகத்தில் இது இறையியல் நூல்களோடு நிற்பதன்று. நோயுற்ற ஒருவரை வீட்டார் எங்கே அழைத்துச் செல்வர் என்பதையும் இது பாதிக்கிறது.

விவிலிய அடிப்படை

எபேசியர் திருமுகம் 6:10-18 இதன் முதன்மை ஆதாரமாகும். அங்கு உண்மை இடைக்கச்சையாகவும், நீதி மார்புக்கவசமாகவும், நம்பிக்கை கேடயமாகவும், மீட்பு தலைச்சீராவாகவும், இறைவார்த்தை வாளாகவும் உருவகிக்கப்படுகின்றன. இவற்றுள் வாளைத் தவிர ஏனையவை தற்காப்புக்குரியவை. இப்பகுதியை முதன்மையாகக் கொள்வோர் போராட்டத்தைச் சோதனைகளுக்கு எதிரான அகப்போராகக் காண்கின்றனர். இயேசு பேய்களை ஓட்டிய நற்செய்தி நிகழ்ச்சிகளை முதன்மையாகக் கொள்வோர், பிடியுண்டவரை விடுவிக்கும் "விடுதலை ஊழியத்தை" வலியுறுத்துகின்றனர்.

பேய், பிசாசு, அலகை

கிரேக்க மூலம் தலைமைப் பகைவனையும் அவனுக்குக் கீழ்ப்பட்ட ஆவிகளையும் வெவ்வேறு சொற்களால் குறிக்கிறது. சீர்திருத்தச் சபைகளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இரண்டையுமே "பிசாசு" என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு முன்னதை "அலகை" எனவும் பின்னதைப் "பேய்" எனவும் பிரிக்கிறது.

ஆனால் தமிழ் ஊர்வழக்கில் பேய் என்பது தற்கொலையாலோ விபத்தாலோ அகால மரணம் அடைந்தவரின் ஆவி. இசபெல் நபோகோவ் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் கள ஆய்வு செய்து 2000இல் வெளியிட்ட நூல், இளம் மணப்பெண்களைப் பிடிக்கும் இத்தகைய பேய்களையும் அவற்றை ஓட்டும் பம்பைக்காரர்களையும் விரிவாகப் பதிவு செய்கிறது. கிறித்தவக் கோட்பாட்டின்படி பேய்கள் வீழ்ந்த வானதூதர்கள், இறந்தவர்கள் அல்லர். ஆகவே செபத்தின்போது ஓர் ஆவி இறந்த உறவினரின் பெயரைச் சொன்னால், அது பிசாசின் ஏமாற்று என்றே போதகர்கள் விளக்குகின்றனர். துயருற்ற குடும்பத்துக்கு இவ்விளக்கம் எளிதில் நிறைவு தருவதில்லை.

தமிழகத்தில்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய நூலில் ஊர்த் தெய்வங்களையும் பேய்களையும் தொகுத்தார். அது 1867இல்தான் அச்சேறியது. இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிப் பகுதியின் பேய் வழிபாட்டைப் பற்றி எழுதினார். அந்நூல் சாணார் சமூகத்தைச் சித்தரித்த விதம் பின்னாளில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

சென்னைக் கிறித்தவரை ஆராய்ந்த மானிடவியலாளர் லயனல் கப்ளான் (1989) இவ்வரலாற்றின் மையச் சிக்கலைச் சுட்டினார். பிற்கால மறைப்பணியாளர்கள் செய்வினை, பேய்பிடித்தல் ஆகியவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்கினர். எளிய மக்களிடம் அச்சம் மட்டும் நீங்கவில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் அவ்வச்சத்தை மெய்யென ஏற்று, உபவாச செபம், முழு இரவு செபம் ஆகியவற்றால் விடை அளித்தன. அவற்றின் வளர்ச்சிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கத்தோலிக்கரிடையே வழக்கம் வேறு. தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி புனித அந்தோணியார் திருத்தலத்தில் பாதிக்கப்பட்டோர் நாள்கணக்கில் தங்குகின்றனர். அங்கே பேயை விசாரித்து விரட்டுபவர் புனிதரே என மக்கள் நம்புகின்றனர். முறையான பேயோட்டும் சடங்கை ஆயரின் தனி அனுமதி பெற்ற குரு மட்டுமே நடத்தலாம் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம்.

1990களில் அமெரிக்கரான பீட்டர் வாக்னர், ஒவ்வொரு நிலப்பகுதியையும் ஒரு தீய ஆவி ஆள்கிறது என்ற கருத்தைப் பரப்பினார். தெருக்களில் செபித்தபடி செல்லும் "செப நடை" இதனுடன் இணைந்து பரவியது. கிறித்தவ இறையியலாளர் பலரே இக்கருத்துக்கு விவிலியச் சான்று போதாது என்றனர். அண்டை வீட்டாரின் குலதெய்வத்தை எதிரிப் படையாக்கிய பின், போர் மனிதருக்கு எதிரானதன்று என்ற வரையறையைக் காப்பது கடினம்.

மனநலம்

மனச்சிதைவு, வலிப்பு போன்ற நோய்களின் அறிகுறிகள் பேய்பிடித்தலாகக் கருதப்படுவதால் சிகிச்சை தாமதமாகலாம். 1999இல் திருத்தப்பட்ட கத்தோலிக்கச் சடங்கு நூல், நோயைப் பேய்பிடித்தலாக எண்ணிவிடாமல் இயன்றவரை மருத்துவ வல்லுநரைக் கலந்துகொள்ளுமாறு கூறுகிறது. செபத்துடன் மருத்துவத்தையும் வலியுறுத்தும் சீர்திருத்தச் சபைப் போதகர்களும் உள்ளனர். மருந்தை விடுவதே விசுவாசம் என்போரும் உள்ளனர்.

2001 ஆகத்து 6இல் ஏர்வாடி தர்காவுக்கு அருகிலிருந்த காப்பகத்தில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் உட்பட 28 பேர் உயிரிழந்தனர். அது கிறித்தவ நிலையமன்று. எனினும் வழிபாட்டிடங்களை நாடிவரும் மனநோயாளிகளின் நிலை நாடெங்கும் கவனத்துக்கு வந்தது அதன் பின்னரே. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது.