சத்தமா சங்கீதமா: கோடம்பாக்கத்தில் ஒரு பழைய சண்டை

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் ரூமிலிருந்து, மிக்ஸியில் ஜல்லியைப் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். "என்னடா இது?" என்றேன். "டெத்கோர் மாமா. சூசைட் சைலன்ஸ்னு ஒரு அமெரிக்க பேண்ட்" என்றான். அக்கா சமையலறையிலிருந்தே, "பாட்டா அது? எவனோ வயித்துவலியில கத்துறான்!" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

பையன் அசரவில்லை. கதை சொன்னான். கலிபோர்னியாவில் 2002ல் ஆரம்பித்த குழு. உறுமலும் அலறலும்தான் அவர்கள் பாட்டு. 2017ல் வந்த ஆல்பத்தில் பாடகர் பல இடங்களில் உறுமாமல் சாதாரணக் குரலில் பாடித் தொலைத்துவிட்டார். அவ்வளவுதான். ஆல்பத்தையே வெளியிடக் கூடாது என்று ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து வேட்டை நடத்தினார்களாம்! விமர்சகர்கள் பலரும் போட்டுத் தாக்க, 2020ல் வந்த அடுத்த ஆல்பத்தில் குழு பழைய உறுமலுக்கே திரும்பிவிட்டது.

"கத்தலைன்னு திட்டு வாங்குன ஒரே ஆளுங்க இவங்கதான் மாமா" என்றான்.

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நம்ம கோடம்பாக்கத்துல ஒருத்தர் கத்துறாருன்னும் திட்டு வாங்கினார், கத்தலைன்னும் திட்டு வாங்கினார்டா" என்றேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. சரி, மேட்டருக்கு வருவோம்.

1992 ஆகஸ்ட் 15. 'ரோஜா' ரிலீஸ். இசை, யாரோ ஏ.ஆர்.ரஹ்மானாம். வயசு 25. மறைந்த இசையமைப்பாளர் ஆர்.கே.சேகரின் மகன், அதுவரை திலீப். கோடம்பாக்கத்தில் வீட்டையொட்டியே பஞ்சதன் என்று ஒரு ஸ்டூடியோ கட்டி, விளம்பரப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர். அதற்கு முன்னால் 'ரூட்ஸ்', 'நெமிசிஸ் அவென்யூ' என்று சென்னை ராக் பேண்டுகளில் கீபோர்ட் வாசித்தவர். ஆக, ஆளு நம்ம பையனுக்கு ஒரு வகையில் தூரத்துச் சொந்தம் :-)

நான் அப்போது பிளஸ் டூ. பெரியப்பா வீடு டிரஸ்ட்புரத்தில். அவர் சினிமா வயலின்காரர். காலையில் குளித்து விபூதி இட்டு, வயலின் பெட்டியோடு வடபழனி, சாலிகிராமம் பக்கம் கால்ஷீட்டுக்குப் போவார். ஹாலில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் உட்கார்ந்திருக்கும். பாடகரும் அங்கேயே. நாற்பது பேரில் ஒருத்தர் தப்பு விட்டால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. டேக் ஓகே ஆனால் மதியத்துக்குள் ஒரு பாட்டு ரெடி.

நான் 'ரோஜா' கேசட்டைக் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல மனுஷன் எங்கடா இருக்கான்? எலக்ட்ரிக் சாமான் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

அன்றைக்குக் கோடம்பாக்கத்து டீக்கடைகளில் பாதிப் பேருக்கு இதே அபிப்பிராயம்தான். 'கம்ப்யூட்டர் மியூசிக்', 'வார்த்தையே கேக்கல, ஒரே இரைச்சல்', 'ஒரு படத்தோட காணாமப் போயிடுவான்'. நானும் தீவிர ராஜா கட்சி. மனசுக்குள் பாட்டு ஓடினாலும் வெளியே காட்டிக்க மாட்டேன். (அடுத்த வீட்டுப் பையனிடம் ரகசியமாக டிடிகே கேசட்டில் பதிவு பண்ணி வாங்கியது தனிக்கதை.)

அந்த வருஷத்து தேசிய விருதிலேயே இந்தச் சண்டை எதிரொலித்தது. 'தேவர் மகன்' ராஜாவா, 'ரோஜா' ரஹ்மானா? ஓட்டு சரிசமம். தேர்வுக் குழுத் தலைவர் பாலு மகேந்திரா. 'மூடுபனி' (1980) தொடங்கி அவர் படங்களுக்குப் பெரும்பாலும் ராஜாதான் இசை. அப்படிப்பட்டவர் தன் ஓட்டைப் புதுப் பையனுக்குப் போட்டார். பிற்பாடு அவரே சொன்னது இது. முதல் படத்துக்கே தேசிய விருது!

அப்புறம் நடந்ததுதான் தமாஷ். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு புதுக் குற்றச்சாட்டு.

1993ல் 'ஜென்டில்மேன்' வந்தது. வெறும் தாளம்தான், ஜீவன் இல்லை என்றார்கள். சிட்டி பையன், கிராமத்துப் படம் வந்தால் திணறுவான் என்றார்கள். அதே வருஷம் பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' வந்தது. மண்வாசனை இல்லை என்ற வாய்கள் கொஞ்சம் மூடின. இரைச்சல் என்றவர்களுக்கும் அதே வருஷம் 'திருடா திருடா'வில் ஒரு பதில் இருந்தது. சாகுல் ஹமீது பாடிய ஒரு பாட்டில் வாத்தியமே கிடையாது. முழுக்க மனிதக் குரல்கள் மட்டும்தான். பெரியப்பா தேடிய 'மனுஷன்' அங்கே இருந்தான்.

1994ல் 'காதலன்' வந்து 'பேட்டை ராப்' போட்டதும், தமிழே போச்சு என்று ஒரு கூட்டம். அதே படத்துப் பாட்டுக்கு, கர்நாடக சங்கீதப் பாடகர் உன்னிகிருஷ்ணனுக்குத் தேசிய விருது கிடைத்தது. 1997ல் 'இருவர்'. ஜாஸ் வாசனையும் பழைய சினிமா வாசனையும் கலந்த ஆல்பம். படம் ஓடவில்லை. இன்றைக்கு ரஹ்மானின் முதல் அஞ்சில் அதை வைக்காதவர்கள் குறைவு. 2010ல் செம்மொழி மாநாட்டுப் பாட்டுக்கும் அதே பழைய புகார் திரும்ப வந்தது: ஒரே மேற்கத்திய இரைச்சல்!

நடுவில் ஒரு ஆச்சரியம் நடந்திருந்தது. 2005ல் 'டைம்' பத்திரிகை உலகின் சிறந்த 10 திரைப்பட இசை ஆல்பங்களில் ஒன்றாக 'ரோஜா'வைச் சேர்த்தது. 2009ல் ஆஸ்கர் இரண்டு. தேசிய விருது 2024 வரை 7. அன்றைக்கு 'ரோஜா'வைச் சத்தம் என்று சொன்ன அதே ஆட்கள் இன்று என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "பழைய ரஹ்மான் மாதிரி வராதுப்பா. ரோஜா, ரோஜாதான்!"

கவனிச்சீங்களா? திட்டப்பட்ட ஆல்பம்தான் அடுத்த ஆல்பத்தை அளக்கிற ஸ்கேல் ஆகிறது. கேட்கிறவன் காது பழக ஒரு பத்து வருஷம் வேண்டியிருக்கிறது. அதற்குள் இசைக்காரன் வேறு எங்கோ போயிருப்பான். சூசைட் சைலன்ஸ் திட்டுக்குப் பின் பழைய இடத்துக்குத் திரும்பியது. ரஹ்மான் திரும்பவில்லை. அதனால்தான் 30 வருஷம் தாண்டியும் சண்டை ஓயவில்லை.

ஆனால் இந்தச் சத்தம்-சங்கீதம் சண்டையில் நாங்கள் யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. பெரியப்பாவுக்குக் கால்ஷீட் குறைந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு ஆளைக் குறை சொல்ல முடியாது. கீபோர்டும் ரிதம் மெஷினும் 80களிலேயே ஸ்டூடியோவுக்குள் வந்தாச்சு. 1986ல் 'புன்னகை மன்னன்' இசைக்கு ராஜாவே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். ட்ராக் ட்ராக்காகத் தனித்தனியே பதிவு செய்யும் முறை எல்லா இடத்திலும் பரவ, நாற்பது பேர் ஹாலில் சேர்ந்து உட்காரும் காலை நேரங்கள் மெல்லக் காணாமல் போயின. பெரியப்பா கடைசியில் பிள்ளைகளுக்கு வீட்டில் வயலின் கற்றுக்கொடுத்தார்.

ஒரு நாள் நான் வாங்கி வந்த ரஹ்மான் கேசட்டின் அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்தவர்கள் பெயரைப் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். புல்லாங்குழல் யார், பேஸ் கிட்டார் யார், எல்லாம். அப்படிப் பெயர் போடும் வழக்கத்தைப் பெரிதாக எடுத்துச் சென்றவர் ரஹ்மான்தான்.

பெரியப்பா அட்டையை மடித்து உள்ளே வைத்தார். "இருபத்தஞ்சு வருஷம் வாசிச்சேன்டா. எந்த ரெக்கார்டுலயும் என் பேரு இல்ல. மிஷின்காரன்னு நான் திட்டினேனே, அவன்தான் பேரு போடுறான்" என்றார். கோபமா, சந்தோஷமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2008ல் ரஹ்மான் இசைக் கல்லூரி ஆரம்பித்தார். பிறகு வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக வயலினும் செல்லோவும் கற்றுக்கொடுத்து, சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா என்று ஒன்றை உருவாக்கினார். அதைப் பார்க்கப் பெரியப்பா இல்லை. இருந்திருந்தால், "போடுற வில் நேரா இருக்கா பாரு" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

அக்கா பையனிடம் ஹெட்போனை வாங்கி ஒரு முழுப் பாட்டு கேட்டேன். சத்தியமாக ஒன்றும் புரியவில்லை. ஆனால் திட்டவில்லை. பத்து வருஷம் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பி.கு: அக்கா இப்போது சமைக்கும்போது முணுமுணுப்பது 'ரோஜா' பாட்டுத்தான். 1992ல் அதை நிறுத்தச் சொல்லி என்னிடம் சண்டை போட்டவள் அவள் :-)