கார் பற்றறியும் சின்ன லப்ரொப்பும்



சென்ற மாத நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, சின்ன லப்ரொப்பைக் காரில வைச்சுப் பாவிக்கலாமோ? பற்றறி இறங்கிப் போகாதோ?" என்று கேட்டார். நேரம் போதாமல் "பாவிக்கலாம் அம்மா, பயப்படாதேங்கோ" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் யோசித்தேன். கார் பற்றறி விடயத்தில் "பயப்படாதேங்கோ" என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் தொழிலால் கணக்காளன். அதோடு, ஒருகாலத்தில் ஒருவருடைய கார் பற்றறியைக் களவாகத் தின்றவன்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியது. அந்த வருடமே யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பிறகு வந்த ஐந்தாறு வருடங்களைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ளால் திரி இழுத்த விளக்கு எல்லா வீட்டிலும் இருந்தது. ரோர்ச் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்தோம், ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீரில் ஊறவைத்தோம். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற்று, அதுவும் ஆடலோட்டம். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டால்தான் ரேடியோ அதை ஏற்கும். சுற்றுகிறவர் களைத்தால் பிபிசி தமிழோசையும் சேர்ந்து களைத்துவிடும்.

நான் அப்போது யாழ். பல்கலைக்கழகத்தில் வணிகமாணி மாணவன். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரை வாடகைக்கு ஓடினார். கார்பறேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற கார். பின்னேரம் வந்து கேற்றுக்குள் நின்றதும் அதன் பற்றறியில்தான் ஒழுங்கை முழுவதும் செய்தி கேட்கும்.

அந்தக்காலப் பற்றறியின் அமைப்பைச் சொல்லவேண்டும். ஈயமும் அமிலமும் கொண்ட பற்றறியை 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்தார். அதில் ஓர் அறை தருவது 2 வோல்ற்றுக்குச் சற்று மேல். ஆறு அறைகளைத் தொடராக இணைத்தால் சுமார் 12.6. இன்றைய பற்றறியின் தலை மூடப்பட்டது. இரண்டு முனைகள்தான் தெரியும். பழைய பற்றறியில் அறைகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலே வெளியாகவே இருக்கும். ஆகவே மூன்று அறைகளில் மட்டும் கவ்வினால் 6 வோல்ற் கிடைக்கும். ரேடியோவுக்கு அளவான தீனி. கார்க்காரர் ஒரு விடயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "பொடியில முட்டவிடாதேங்கோ, இந்தக் காருக்குப் பொடிதான் பிளஸ்." அது உண்மை. 1960களின் நடுப்பகுதிவரை வந்த பல பிரித்தானியக் கார்களில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கார்களில் உடல் எதிர்முனை. இங்கிலாந்தில் பழைய மொறிஸ் மைனரை ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர்கள் இதை மறக்கவேண்டாம். இன்றைய சாதனத்தை மீற்றர் பிடித்துப் பார்க்காமல் அதில் இணைத்தால் புகைதான் வரும்.

ரேடியோ இழுப்பது சொற்பம். அதனால் காருக்குக் கேடு வரவில்லை. கேடு வந்தது என்னால். கிரயக் கணக்கியல் சோதனை நெருங்கியபோது, எல்லாரும் செய்தி கேட்டுப் போன பிறகு, மோட்டார் சைக்கிளின் 6 வோல்ற் முன்விளக்குக் குமிழை அதே மூன்று அறைகளில் கொழுவிப் படித்தேன். 18 வாற்று என்றால் 3 அம்பியர். மூன்று மணித்தியாலத்துக்கு 9 அம்பியர்-மணி. ஆறு பங்காளிகள் உள்ள கடையில் மூன்று பேரின் கணக்கிலிருந்து மட்டும் ஒவ்வொரு இரவும் காசெடுத்தால் என்ன நடக்கும் என்று படித்துக்கொண்டிருந்தவன், தலைக்கு மேல் அதையே செய்துகொண்டிருந்தேன். கார்க்காரரிடம் கேட்கவும் இல்லை. போதாக்குறைக்கு, அந்தக் காரிலிருந்த டைனமோ எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அநேகமாக ஒன்றும் கொடுக்காது. குறுகிய ஓட்டங்களில் இழந்தது திரும்பி வராது.

நாலாவதோ ஐந்தாவதோ நாள் விடியற்காலை, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. கார்க்காரர் ஸ்ராட்டரை இழுத்தார். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

1912ஆம் ஆண்டு மொடல் கடிலாக் காரில் சார்ல்ஸ் கெற்றரிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் மின் ஸ்ராட்டரைப் புகுத்தியதே, கையால் சுற்றுகிற இரும்புப் பிடியை ஒழிப்பதற்காகத்தான். அந்தப் பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் அந்நாளில் பலர். காருக்குள் பெரிய பற்றறி நிரந்தரமாகக் குடியேறியதற்குக் காரணமும் ஸ்ராட்டர்தான். எண்பது வருடம் கழித்து எங்கள் ஒழுங்கையில் அந்தப் பிடியைத் திரும்ப எடுத்தோம். நானும் சுற்றினேன். எத்தனையாவது சுற்றில் பற்றியது என்று எனக்கு நினைவில்லை. அக்கா சரியான நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார், பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. கார்க்காரர் பின்னேரம் பற்றறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளிச்சம் வேணுமெண்டால் கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று அறைகளும் பிறகு தேறவில்லை. புதுப் பற்றறி எங்கே வாங்குவது? நாங்கள் 1995 ஒக்ரோபர் 30 இடம்பெயரும்வரை அந்தக் காரைக் கையால் சுற்றித்தான் எடுத்தார்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் கார்கள் 1950களின் நடுப்பகுதியில் 6 வோல்ற்றிலிருந்து 12க்கு மாறின. எஞ்சின் பெருத்தது, 6 வோல்ற்றில் ஸ்ராட்டருக்கு மொத்தக் கம்பி தேவைப்பட்டது. வோல்ற்றை இரட்டித்தால் அதே வேலைக்குப் பாதி அம்பியர் போதும். 1960இல் கிறைஸ்லரின் வேலியன்ற் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஓல்ரநேற்றர் வந்தது. சிலிக்கன் டயோட் மலிந்ததால் வந்த பேறு அது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் ஓரளவு சார்ஜ் கொடுக்கும். சிகரட் பற்றவைப்பதற்காக வைத்த துளை, புகைப்பவர்கள் குறைந்த பிறகும் அப்படியே இருந்து, உலகத்தின் பொது மின்செருகியாகிவிட்டது. தளர்ந்த பிடிப்பு, ஆட்டம், சூடு என்று அதற்கு எத்தனை குறை! நிதானமாக யோசித்து வடிவமைத்த ஒன்றை யாரும் அந்த இடத்தில் வைத்திருக்கமாட்டார்கள்.

2007இல் அசூஸ் நிறுவனத்தின் ஈ-பிசி 701 வந்தபோது எங்கள் வீடுகளிலும் சின்னக் கணினிகள் நுழைந்தன. 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைந்த பாரம். அதற்குத் தேவை 9.5 வோல்ற். பின்னர் வந்த 901க்கு 12. பெரிய லப்ரொப்புகளுக்கு அநேகமாக 19. "12 என்று எழுதியிருக்கிறதே, நேரே கொழுவினால் என்ன?" என்று கேட்காதவர் குறைவு. காரின் 12, பெயருக்குத்தான் 12. எஞ்சின் ஓடும்போது 14க்கு மேல் நிற்கும். ஸ்ராட்டர் இழுக்கும் கணத்தில் 8க்கும் கீழே இறங்கலாம். ஓல்ரநேற்றர் சார்ஜ் செய்துகொண்டிருக்கையில் பற்றறிக் கம்பி கழன்றால், ஒரு கணம் பல பத்து வோல்ற்றுக்குப் பாயும். இதையெல்லாம் யோசித்துச் செய்யப்பட்ட கணினியும் ஒன்று உண்டு. வறிய நாடுகளின் பிள்ளைகளுக்காக 2007இல் வெளிவந்த எக்ஸ்ஓ, 11 முதல் 18 வோல்ற் வரை எதைக் கொடுத்தாலும் வேலை செய்யும். முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் எரியாது. எங்கள் ஒழுங்கைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

மற்றவற்றுக்கு இடையில் ஒரு மாற்றி வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கும். இன்வேற்றர், காரின் 12ஐ வீட்டின் 230 ஆக்கும். லப்ரொப்பின் சார்ஜர் அதை மறுபடி 19 ஆக்கும். பவுணை டொலராக்கி, டொலரை ரூபாவாக்கி, இரண்டு இடத்திலும் கொமிசன் கொடுப்பதுபோல. ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு 15 போனால் கைக்கு வருவது 72. நேரடி மாற்றி 12ஐ நேரே 19 ஆக்குவதால் ஒரு கொமிசன்தான்.

கணக்கைப் பாருங்கள். சின்ன லப்ரொப் 25 வாற்று என்று வைப்போம். நேரடி மாற்றியில் காரிலிருந்து 30 வாற்று, அதாவது 2.5 அம்பியர். 45 அம்பியர்-மணி பற்றறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் விட்டால் ஆறு மணித்தியாலம். பற்றறி புதிதாகவும் நன்றாகச் சார்ஜ் ஏறியும் இருந்தால்தான் இந்தக் கணக்கு. குளிர்காலத்தில், ஐந்து வருடப் பழைய பற்றறியில், நான் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் துணியமாட்டேன்.

மாற்றியும் வருங்காலத்தில் தேவைப்படாமல் போகலாம். 1990களில் காரை 42 வோல்ற்றுக்கு மாற்றப் பெரிய முயற்சி நடந்தது; செலவு கட்டுப்படியாகாமல் கைவிட்டார்கள். 2023இல் ரெஸ்லா சைபர்றக் 48 வோல்ற் முறையோடு வந்தது. இன்னொரு பக்கம், யூஎஸ்பி-சி செருகி வழியாக 20 வோல்ற், 100 வாற்று வரை கொடுக்க முடிவதால், புதிய கார்கள் சிலவற்றில் தொலைபேசிக் கம்பியாலேயே லப்ரொப்புக்குச் சார்ஜ் ஏற்றலாம்.

ஆகவே அம்மா, பாவிக்கலாம். முதலில் எஞ்சினை ஸ்ராட் பண்ணுங்கோ, பிறகு செருகியைக் கொழுவுங்கோ. நிற்பாட்டும்போது முதலில் செருகியைக் கழற்றுங்கோ. கார் உங்களுடையதில்லையென்றால் கேட்டுவிட்டுக் கொழுவுங்கோ.