சிட்-அப் எண்ணிக்கையில் தொலைந்த கேள்வி

அமெரிக்கப் பள்ளிகளின் உடல்தகுதித் தேர்வுக்கு வித்திட்டது முதுகுவலிக்காரர்களுக்காக உருவான ஒரு சோதனை. 1940களில் நியூயார்க்கில் மருத்துவர் ஹான்ஸ் கிராவுஸும் சோனியா வெபரும் ஆறு அசைவுகளை வகுத்தார்கள். முதலாவதில் கால்களை நீட்டிப் படுத்து எழவேண்டும். இரண்டாவதில் முழங்காலை மடக்கி எழவேண்டும். நீட்டிய காலோடு எழும்போது வயிற்றுத் தசைக்கு சோவாஸ் தசை துணை நிற்கிறது. இடுப்புப்பகுதி முதுகெலும்பில் தொடங்கித் தொடையெலும்பில் முடியும் தசை அது. கால் மடங்கினால் அந்தத் துணை குறையும், வயிற்றின் சொந்த பலம் தெரிந்துவிடும் என்பது கிராவுஸின் கணக்கு. சோவாஸ் இறுகினால் முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் முன்னே இழுக்கும். அதை எதிர்த்துப் பிடிக்கவேண்டியது வயிறு. பலத்தோடு இறுக்கத்தையும் அவர் சோதித்தார். முழங்கால் மடங்காமல் குனிந்து தரையைத் தொடுவது கடைசி அசைவு; முதுகு, பின்தொடைத் தசைகளின் இறுக்கத்தை அது காட்டும்.

1954இல் அவரும் ரூத் ஹிர்ஷ்லாண்டும் வெளியிட்ட முடிவு நாட்டையே உலுக்கியது: அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 சதவீதம் பேர் ஓர் அசைவிலாவது தோற்றார்கள். ஐரோப்பாவில் தோற்றவர்கள் 8.7 சதவீதம்தான். 1956இல் அதிபர் ஐசனோவர் இளையோர் உடல்தகுதிக்கென ஒரு குழுவையே அமைத்தார். ஆனால் 1958இல் பள்ளிகளுக்கு வந்த தேசியத் தேர்வில் கிராவுஸின் அசைவுகளில் நீட்டிய கால் சிட்-அப் மட்டுமே இருந்தது. பையன்களுக்கு 100, பெண்களுக்கு 50 என்று உச்சவரம்பு. மடக்கிய கால் அசைவும் இல்லை, தரை தொடுவதும் இல்லை. இதைப் பெரிய இழப்பு என்றே சொல்வேன். வயிறு தளர்ந்த பிள்ளை இடுப்புத் தசையின் தயவில் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள முடிந்தது. 1975இல்தான் அந்தத் தேர்வில் முழங்கால் மடங்கியது.

தோற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் தோற்றது தரை தொடுவதில்தானே, அது எப்படி பலவீனமாகும் என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்விதான், இறுக்கமே முதற்குறை என்றால் அதை அளக்கும் அசைவை நீக்கியது இன்னும் பெரிய பிழை. அடுத்த மறுப்பு கனமானது. வயிற்றின் பலத்துக்கும் இடுப்புப்பகுதி முதுகெலும்பின் வளைவுக்கும் தொடர்பே காணோம் என்றது 1987இல் வந்த ஓர் ஆய்வு. முழங்காலை மடக்கினாலும் சோவாஸ் ஓய்வதில்லை என்பதைக் கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் குழு 1998இல் தசைக்குள் மின்முனை செருகி அளந்து காட்டியது. கிராவுஸ் போட்ட கோடு அவர் நம்பிய அளவுக்குத் துல்லியமானதல்ல என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் எழுந்தது வயிறா, இடுப்பா என்ற அவருடைய கேள்வியை இந்த ஆய்வுகள் வலுப்படுத்தவே செய்கின்றன. எண்ணிக்கை மட்டும் அதற்குப் பதிலாகாது. அமெரிக்க ராணுவம் தன் உடல்தகுதித் தேர்வில் 1980 முதல் வைத்திருந்த இரண்டு நிமிட சிட்-அப்பைக் கைவிட்டு 2022இல் முழங்கையூன்றி உடலை நேராகப் பிடிக்கும் பிளாங்க்குக்கு வந்து சேர்ந்தது. தசை இறுக்கத்தைச் சோதிக்கும் அசைவு அந்தத் தேர்விலும் இடம்பெறவில்லை.