ஏழு சிகரங்கள், நூற்று எழுபத்திரண்டு நாள்கள்

கன்னியாகுமரிக்கு அருகே மருந்துவாழ் மலை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி என்று அதைச் சொல்வார்கள். விடுமுறை நாள்களில் சுற்று வட்டாரத்து மாணவர்கள் அதில் ஏறுவதுண்டு. அடிவாரத்திலிருந்து ஓட்டமாகப் புறப்படுகிறவன் பாதி வழியில் மூச்சு வாங்கிப் பாறையில் உட்கார்ந்துவிடுவான். ஒரே சீராக நடந்து வருகிறவன் அவனைக் கடந்து போய்விடுவான். மலையேற்றத்தின் முதற்பாடம் இதுதான்.

ஆனால் இந்த மூச்சிரைப்பு உயரத்தால் வருவதன்று, அவசரத்தால் வருவது. உயரத்தால் வரும் மூச்சிரைப்பு வேறு. நம் மாவட்டத்து எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி ஏறக்குறைய 1650 மீட்டர் உயரம். அதற்கு வடக்கேயுள்ள அகத்தியமலை ஏறக்குறைய 1870 மீட்டர். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த காலத்தில், 1855ஆம் ஆண்டில், திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் தலைவரான ஜான் ஆலன் பிரௌன் அகத்தியமலை உச்சியில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். அவ்வளவு உயரத்துக்குப் பாரமானியைக் கொண்டு சென்றால், அது கடற்கரையில் காட்டும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். எவரெஸ்டின் உச்சியிலோ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்! 1981ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த கிறிஸ் பிஸோ அங்கே நின்று காற்றழுத்தத்தை அளந்தார். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டராக இருக்கும் பாதரசம் 253 மில்லிமீட்டரில் நின்றது.

அத்தகைய இடங்களில் மனிதன் ஏறுவதே அரிது. அதிலும் விரைந்து ஏறிச் சாதனை படைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நமக்குப் பக்கத்து மாநிலத்துக்காரர். ஆந்திரப் பிரதேசத்து நெல்லூர் மாவட்டத்தில் பிறந்த மல்லி மஸ்தான் பாபு 2006ஆம் ஆண்டில், ஏழு கண்டங்களின் மிக உயர்ந்த ஏழு சிகரங்களையும் 172 நாள்களில் ஏறி முடித்தார். அன்றைக்கு அது உலகச் சாதனை. அவருடைய வேகம் எங்கிருந்து வந்தது? கால்களிலிருந்தா? இந்தக் கேள்விக்கு விடை காண முதலில் ஒரு பழைய கதையைப் பார்க்க வேண்டும்.

பலூனில் போன மூவர்

1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள். பாரிஸ் நகரிலிருந்து ‘ஜெனித்’ என்ற பலூனில் மூவர் மேலே கிளம்பினார்கள். காஸ்டன் திஸாந்தியே, குரோசே ஸ்பினெல்லி, சிவெல் என்பன அவர்கள் பெயர்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே ஆக்சிஜன் நிறைந்த பைகளையும் எடுத்துச் சென்றிருந்தார்கள். பலூன் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டாயிரம் மீட்டர் உயரத்தைத் தொட்டது. மூவரும் மயங்கினார்கள். பலூன் தானே கீழிறங்கியபோது திஸாந்தியே மட்டும் உயிருடன் இருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆக்சிஜன் குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுக்கக் கை எழவில்லை என்றார் திஸாந்தியே. அதைவிடக் கொடுமை, அந்த நேரத்தில் தமக்கு அச்சமோ துன்பமோ தோன்றவில்லை, ஒருவித மகிழ்ச்சியே இருந்தது என்றும் அவர் எழுதினார். ஆக்சிஜன் குறையும்போது முதலில் கெடுவது தசை வலிமையன்று. ஆபத்தை ஆபத்தென்று உணரும் அறிவே முதலில் கெடுகிறது.

இதே உயரத்தைத் தாண்டி, 1978ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் ஆக்சிஜன் உருளை இல்லாமலே எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். உயிருடன் இறங்கியும் வந்தார்கள். காற்று அதே காற்றுதான். அப்படியானால் வேறுபாடு எதில்? பலூன்காரர்கள் இரண்டு மணி நேரத்தில் மேலே போனார்கள். மலையேறிகளோ வாரக்கணக்கில் தங்கி, உடலைப் பழக்கிக்கொண்டு போனார்கள்.

உடல் செய்யும் வேலை

உயரத்துக்கு உடல் பழகுவது எப்படி? கழுத்தில் மூளைக்குச் செல்லும் தமனியின் அருகே சிறு உணர்வு உறுப்புகள் உள்ளன. குருதியில் ஆக்சிஜன் குறைந்தவுடன் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூச்சு வேகமாகிறது. ஆனால் வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். குருதி காரத்தன்மை அடையும். “மூச்சைக் குறை” என்று மூளை கட்டளையிடும். ஒருபுறம் மூச்சு வேண்டும். மறுபுறம் மூச்சு வேண்டாம்! மலையில் புதிதாக வந்தவர்கள் இரவில் மூச்சு நின்று நின்று வர, திடுக்கிட்டு விழிப்பது இந்த இழுபறியால்தான். இதைத் தீர்த்து வைப்பவை சிறுநீரகங்கள். மிகுதியான காரப்பொருளைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகின்றன. இதற்குச் சில நாள்கள் பிடிக்கும்.

மற்றொரு வேலையும் நடக்கிறது. சிறுநீரகம் சுரக்கும் ஓர் இயக்குநீர் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, செங்குருதி அணுக்களைப் பெருக்குகிறது. இதற்கு வாரங்கள் ஆகும். இந்த வேலைகளை விரைவுபடுத்த யாராலும் முடியாது. எவ்வளவு வலிமையான இளைஞனாக இருந்தாலும் சரி, அவசரப்பட்டு மேலே போனால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், படுத்துறங்கும் இடத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று மருத்துவர்கள் விதி வகுத்திருக்கிறார்கள்.

நெல்லூர்ச் சிறுவன்

இனி மஸ்தான் பாபுவிடம் வருவோம். அவர் 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் நெல்லூர் மாவட்டத்துக் காந்தி ஜன சங்கம் என்ற சிற்றூரில் பிறந்தார். பனிமலையின் வாடையே படாத ஊர். கோருகொண்டாவிலுள்ள சைனிக் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியின் பழைய மாணவர் ஒருவர், லெப்டினென்ட் உதய பாஸ்கர ராவ், 1985ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறச் சென்ற இந்திய இராணுவக் குழுவில் இருந்தபோது மலையிலேயே உயிர் நீத்தவர். அவருடைய நினைவே மஸ்தான் பாபுவின் உள்ளத்தில் மலையாசையை விதைத்தது.

படிப்பை அவர் விடவில்லை. ஜாம்ஷெட்பூரில் மின் பொறியியல் பட்டம், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்பட்டம், சில ஆண்டுகள் மென்பொருள் நிறுவன வேலை, பிறகு கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் படிப்பு. 2004ஆம் ஆண்டு அதை முடித்தபோது, கை நிறையச் சம்பளம் தரும் வேலைக்குப் போயிருக்கலாம். அவர் மலையைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு கால அட்டவணை

அவர் ஏறிய சிகரங்களையும் நாள்களையும் பாருங்கள். எல்லாம் 2006ஆம் ஆண்டில்:

அண்டார்க்டிகாவின் வின்சன், 4892 மீட்டர், ஜனவரி 19.
தென் அமெரிக்காவின் அகோங்காகுவா, 6961 மீட்டர், பிப்ரவரி 17.
ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ, 5895 மீட்டர், மார்ச் 15.
ஆஸ்திரேலியாவின் காசியஸ்கோ, 2228 மீட்டர், ஏப்ரல் 1.
ஆசியாவின் எவரெஸ்ட், 8849 மீட்டர், மே 21.
ஐரோப்பாவின் எல்பிரஸ், 5642 மீட்டர், ஜூன் 13.
வட அமெரிக்காவின் தெனாலி, 6190 மீட்டர், ஜூலை 10.

நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால் வேடிக்கையான ஒரு செய்தியும் தெரியும். ஏழு சிகரங்களும் ஏழு வெவ்வேறு கிழமைகளில் அமைந்தன.

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. தென் துருவத்தில் கோடை நவம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது; ஆகவே வின்சன் முதலில். தென் அமெரிக்காவில் கோடை முடிவதற்குள் அகோங்காகுவா. நிலநடுக்கோட்டை ஒட்டிய கிளிமஞ்சாரோவில் பெருமழை பெரும்பாலும் மார்ச் பிற்பகுதியில்தான் பிடிக்கும். அதற்கு முன்னரே அதை முடித்தாயிற்று. எவரெஸ்டின் உச்சியிலோ ஆண்டின் பெரும்பகுதி மேல்வளிமண்டலப் பெருங்காற்று வீசிக்கொண்டிருக்கும். மே மாத இறுதியில், தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது, அந்தக் காற்று வடக்கே ஒதுங்கும். மழைக்காலத்துப் பனி கொட்டத் தொடங்குமுன் சில நாள்கள் அமைதி நிலவும். கன்னிப்பூப் பயிருக்காக நாஞ்சில் நாட்டு உழவர்கள் வானத்தைப் பார்த்திருக்கும் அதே வாரங்களில்தான், எவரெஸ்ட் அடிவாரத்திலும் கூடாரம் அடித்து வானத்தைப் பார்த்திருக்கிறார்கள்! இருவரும் காத்திருப்பது ஒரே பருவமழையின் வரவை ஒட்டித்தான். வடதுருவத்தை நெருங்கியுள்ள தெனாலிக்கு ஏற்ற காலம் மே முதல் ஜூலை வரை; அது கடைசியில் வந்தது.

இந்த வரிசையில் இன்னொரு நுட்பமும் உண்டு. உடல் பெற்ற பழக்கம் மலையிலிருந்து இறங்கிய அன்றே மறைந்துவிடாது. மூச்சின் பழக்கம் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் தளரும். பெருகிய செங்குருதி அணுக்கள் குறைய வாரங்கள் ஆகும். ஆண்டுக்கு ஒரு சிகரம் ஏறுகிறவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதத்துக்கு ஒன்றாக ஏறுகிறவரிடம் சென்ற மலையின் சேமிப்பில் ஒரு பகுதி கைவசம் இருக்கும். எவரெஸ்டிலிருந்து இறங்கிய உடல் எல்பிரஸை எளிதாக எடுத்துக்கொண்டால் அதில் வியப்பில்லை. ஆனால் தெனாலியில் அப்படி இருந்துவிட முடியாது. துருவங்களின் பக்கம் வளிமண்டலம் மெலிந்திருப்பதால், நிலநடுக்கோட்டருகே உள்ள அதே உயர மலையைவிட அங்கே காற்றழுத்தம் குறைவு.

இப்போது சிகரங்களுக்கு இடைப்பட்ட நாள்களைக் கூட்டிப் பாருங்கள்: 29, 26, 17, 50, 23, 27. மொத்தம் 172. காசியஸ்கோவுக்கும் எவரெஸ்டுக்கும் இடையில் மட்டும் ஐம்பது நாள்! உலகச் சாதனைக்காக ஓடிக்கொண்டிருந்தவரும் எவரெஸ்டுக்கு அந்த நாள்களைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் மிச்சப்படுத்தலாம், அங்கே முடியாது. ஆகவே அவருடைய வேகம் கால்களைவிடத் திட்டத்தில்தான் அதிகம் இருந்தது எனலாம். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேகம் காக்குமா, கொல்லுமா?

சாதனைகள் நிற்பதில்லை. மஸ்தான் பாபுவின் சாதனை அடுத்த ஆண்டே முறியடிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரான ஸ்டீவ் பிளெய்ன் ஏழு சிகரங்களையும் 117 நாள்களில் முடித்தார். 2014இல் கடலில் நேர்ந்த விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, மீண்டும் நடப்பாரா என்று மருத்துவர்களே ஐயுற்றவர் அவர்.

ஒரே மலையில் மணிக்கணக்கை எண்ணி விரைகிறவர்களும் உண்டு. நேபாளத்துப் பாபு சிரி ஷெர்பா 2000ஆம் ஆண்டில் எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து உச்சிக்கு 16 மணி 56 நிமிடத்தில் சென்றார். சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடமுகத்தை 1938இல் முதன்முதலில் ஏறியவர்களுக்கு நான்கு நாள்கள் ஆயின. 2015இல் யூலி ஸ்டெக் அதைத் தனியாளாக 2 மணி 22 நிமிடத்தில் ஏறினார். உயிருக்கு ஆபத்தான இடத்தில் எவ்வளவு குறைவாகத் தங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பது இவர்கள் வாதம். பனிச்சரிவும் கல்விழுதலும் நாள் முழுதும் காத்திருப்பவை; சீக்கிரம் கடந்து செல்பவன் தப்பிப்பான். இதில் உண்மை இருக்கிறது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. விரைந்து செல்கிறவன் சுமை குறைக்க வேண்டும். கூடாரம், உணவு, எரிபொருள், துணையாள் எல்லாம் குறையும். வானிலை மாறாதவரை அது வேகம்; மாறிவிட்டால் கையில் ஒன்றுமில்லை. பாபு சிரி 2001இல் எவரெஸ்டின் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். ஸ்டெக் 2017இல் எவரெஸ்டை அடுத்த நுப்ட்சே மலையிலிருந்து விழுந்து இறந்தார்.

மஸ்தான் பாபுவும் மலையிலேயே மறைந்தார். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் அர்ஜென்டினா, சிலி நாடுகளின் எல்லையில், ஆண்டிஸ் தொடரின் திரெஸ் குருசெஸ் மலையில் தனியாக ஏறச் சென்றார். அது 6700 மீட்டருக்கும் மேற்பட்ட மலை. மார்ச் 24ஆம் நாளுக்குப் பிறகு அவரிடமிருந்து செய்தி வரவில்லை. இரு நாட்டுப் பக்கங்களிலும் தேடினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அவருடைய உடல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது. உடல் சொந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. கோருகொண்டாப் பள்ளியின் மற்றொரு மாணவரும் மலைக்கு இரையானார்.

திஸாந்தியேயின் அனுபவத்தை இங்கே மீண்டும் நினைத்துப் பாருங்கள். உயரத்தில் அறிவு மங்கும். மங்குவதை அந்த அறிவால் அறிய முடியாது. குழுவாகச் செல்லும்போது, “உன் பேச்சு குழறுகிறது, திரும்புவோம்” என்று சொல்ல மற்றொருவன் இருப்பான். தனியாகச் செல்கிறவனுக்கு அந்தக் காவல் இல்லை. அதனால்தான் தேர்ந்த மலையேறிகள் முக்கியமான முடிவுகளை மலைக்குக் கொண்டுபோவதில்லை, கீழேயே எடுத்துவிடுகிறார்கள். “பிற்பகல் இத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால், அது நூறு மீட்டர் தூரத்தில் தெரிந்தாலும் திரும்பிவிடுவேன்” என்று தெளிந்த மூளையோடு அடிவாரத்தில் முடிவு செய்வார்கள். மேலே போன பிறகு செய்ய வேண்டியது அந்த முடிவுக்குக் கீழ்ப்படிவது ஒன்றுதான்.

172 நாள்கள் என்ற எண்ணை இன்று யாரும் சாதனைப் பட்டியலின் முதலிடத்தில் காண முடியாது. ஆயினும் கடலோர மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த ஒருவர், பருவத்தையும் உடலியலையும் கணக்கிட்டு ஓராண்டின் பாதிக்குள் உலகைச் சுற்றி ஏறினார் என்பது மாறாது. மருந்துவாழ் மலையில் ஏறும் மாணவர்கள் அடுத்த முறை பாதி வழியில் மூச்சு வாங்கும்போது அவரை நினைத்துக்கொள்ளட்டும். பிறகு எழுந்து, சீராக நடக்கட்டும். துணைக்கு ஒருவரையும் அழைத்துச் செல்லட்டும்.