தலைமகனும் ஏவலாளனும்

ஆடவரை இயல்பு பற்றி வகுத்தல் தமிழிலக்கணத்துப் பண்டே உண்டு. தொல்காப்பியர் அகத்திணையியலில் அடியோரையும் வினைவலரையும் அன்பினைந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார். உரைகண்ட இளம்பூரணர், பிறர்க்குக் குற்றேவல் செய்வார்க்கு அறம் பொருள் இன்பங்களின் வழாது ஒழுகுதல் அரிதென்று காரணங் கூறினார். அவர் நாண் குறைந்தவரென்றுஞ் சேர்த்துரைத்தார். முன்னது நிலைமையால் வந்த தடை. பின்னது குணத்தின்மேல் ஏற்றிய பழி. பிறன் ஏவலில் நாள் கழிப்பானுக்கு நாணைப் பேண இடமேது?

ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனோ, புறநானூற்று 183-ஆம் பாட்டில், நால்வகுப்பில் தாழ்ந்தோன் கல்வியுடையனாயின் உயர்ந்தோனும் அவனைச் சார்ந்து நிற்பானென்று, பிறப்பைக் கல்விக்குப் பின்னிறுத்தினான். இதனை நம் உயர்வுக்குச் சான்றாக மேடைதோறும் எடுத்தோதும் நாம், நம் வயலில் உழைப்பாரை நோக்கி, 'அவர் இயல்பே அவ்வளவு' என்னலாமோ? அவர்தம் மக்களும் நம் மக்களோடு ஒருங்கிருந்து கற்பாராக.